போலீஸ் போனைக் கேட்டால் கொடுக்கணுமா? – வாசகர் கேள்விகள்

மனித உரிமைக்காக வேலை செய்கிறவர்கள் தங்கள் போனையும் கம்ப்யூட்டரையும் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை, மாவட்டம் மட்டும் இருக்கிறது. என்னைப் பற்றி ஒரு வரி: தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது திருநெல்வேலியில் இருந்துகொண்டு வக்கீல்களுக்கும் சங்கங்களுக்கும் பெண்கள் குழுக்களுக்கும் இந்த விஷயத்தில் பயிற்சி கொடுக்கிறேன்.

பாதிரியார் ஸ்டேன் சுவாமி எங்கள் பக்கத்து ஊரில் பிறந்தவர். அவருடைய கம்ப்யூட்டரில் அவருக்கே தெரியாமல் யாரோ ஃபைல்களை வைத்துவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். அது எப்படி முடியும்? என் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டும் இருக்கிறது, ஆன்டிவைரஸும் இருக்கிறது. நானும் பயப்பட வேண்டுமா? – திருச்சி மாவட்டம்

முடியும் ஐயா. ஸ்டேன் சுவாமியைக் கைது செய்தது பீமா கோரேகான் வழக்கில், 2018-இல் மகாராஷ்டிராவில் நடந்த வன்முறை தொடர்பான வழக்கு அது. எப்படி என்று விளக்க, அதே வழக்கில் கைதான இன்னொரு செயற்பாட்டாளர், ரோனா வில்சனின் லேப்டாப்பில் இருந்து தொடங்குகிறேன். அதில் நடந்தது படிப்படியாக ஆவணமாகியிருக்கிறது.

2016 ஜூன் 13 அன்று வில்சனுக்கு ஒரு மெயில் வந்தது. தெலுங்குக் கவிஞர் வரவர ராவின் மெயில் கணக்கைப் பயன்படுத்தி யாரோ அனுப்பியது. தெரிந்தவர், மதிப்புக்குரியவர், 'இந்த ஃபைலைத் திறந்து பாருங்கள்' என்கிறார். வில்சன் திறந்தார். திரையில் ஒரு சாதாரண ஆவணம் தெரிந்தது. பின்னால் நெட்வயர் என்ற மென்பொருள் உள்ளே இறங்கிவிட்டது. அது உள்ளே வந்துவிட்டால், எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் உங்கள் கம்ப்யூட்டரைத் தன்னுடையதுபோல் கையாளலாம். நீங்கள் தட்டுவதைப் பார்க்கலாம், ஃபைலை எடுக்கலாம், புதிதாக ஃபைல் வைக்கவும் செய்யலாம். இது ஏதோ ராணுவ ரகசியத் தொழில்நுட்பம் என்று நினைக்காதீர்கள். 2023 மார்ச்சில் அமெரிக்க, குரோஷிய போலீஸார் அதன் இணையதளத்தை முடக்கும்வரை, யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வாங்கும்படி இணையத்தில் விற்பனையில் இருந்தது.

வில்சனின் வக்கீல்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் ஹார்டு டிஸ்க்கின் நகலை ஆராய்ந்தது அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் ஆர்சனல் கன்சல்டிங். 2021 பிப்ரவரியில் வெளியான அதன் அறிக்கைப்படி, 22 மாதங்கள் அந்த லேப்டாப் வேறொருவர் பிடியில் இருந்தது. குற்றச்சாட்டுக்கு அடிப்படையான 10 கடிதங்கள் ஒரு மறைக்கப்பட்ட ஃபோல்டரில் வைக்கப்பட்டிருந்தன. அறிக்கையில் என் மனதில் நின்ற விவரம் ஒன்று உண்டு. அந்தக் கடிதங்கள் எம்.எஸ். வேர்டு 2010 அல்லது 2013-இல் உருவாக்கி பி.டி.எஃப். ஆக்கப்பட்டவை. வில்சனின் லேப்டாப்பில் இருந்ததோ வேர்டு 2007. அதைவிடப் புதிய வேர்டு அதில் எப்போதாவது ஓடியதற்கான தடயமே இல்லை.

இனி உங்கள் ஊர்க்காரருக்கு வருகிறேன். விரகாலூரில் 1937-இல் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும், விசாரணையே இல்லாமல் சிறையில் கிடந்த இளைஞர்களுக்காகவும் வாழ்ந்தவர் ஸ்டேன் சுவாமி. அவருடைய கம்ப்யூட்டர் பற்றிய ஆர்சனல் அறிக்கை 2022 டிசம்பரில் வந்தது. 2014-இலிருந்தே அது ஊடுருவப்பட்டிருந்தது, 40-க்கும் மேற்பட்ட ஃபைல்கள் வெளியிலிருந்து வைக்கப்பட்டிருந்தன என்கிறது அது. 2019 ஜூன் 12 அன்று புனே போலீஸ் ராஞ்சியில் அந்தக் கம்ப்யூட்டரைக் கைப்பற்றியது. அதற்கு முந்தைய நாள், ஜூன் 11 அன்று, ஊடுருவியவர் தன் தடயங்களைத் துடைக்கத் தொடங்கியிருக்கிறார். கைப்பற்றப்போவது அவருக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. 2020 அக்டோபரில் கைதானபோது அவருக்கு 83 வயது, பார்க்கின்சன் நோயாளி. ஜாமீனுக்காகக் காத்திருந்த நிலையிலேயே 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார். ஆர்சனல் அறிக்கை வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

வழக்கை நடத்தும் தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை என்பதையும், நீதிமன்றம் இவற்றை இன்னும் எடைபோட்டு முடிக்கவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் நம் தற்காப்புக்குப் பாடம் எடுத்துக்கொள்ள அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

பாஸ்வேர்டு, உங்கள் கம்ப்யூட்டரை நேரில் திறக்க வருபவரைத் தடுக்கும். நீங்களே திறந்துவிட்ட ஃபைலை அது தடுக்காது. ஆன்டிவைரஸும் எல்லாவற்றையும் பிடிக்காது. அதனால் தெரிந்தவரிடமிருந்து எதிர்பாராமல் ஃபைல் வந்தால், அதிலும் 'ஜிப்', 'ரார்' என்று சுருக்கிய ஃபைலாக இருந்தால், அவருக்கு ஒரு போன் போட்டு 'நீங்கள்தான் அனுப்பினீர்களா?' என்று கேளுங்கள். அதே மெயிலில் பதில் போட்டுக் கேட்கக் கூடாது. கணக்கைப் பிடித்து வைத்திருப்பவரே 'ஆமாம்' என்று எழுதிவிடுவார். ஆவணத்தைப் படிக்க மட்டும் வேண்டுமென்றால் இறக்கிக்கொள்ளாமல் ஜிமெயிலுக்குள்ளேயே பாருங்கள்.

பயிற்சியில் நான் முதலில் செய்ய வைப்பது ஒரு சின்ன வேலை. விண்டோஸில் ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகள் வழக்கமாக மறைந்தே இருக்கும். 'வியூ' மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தால் தெரியும். மாதிரிக்கு நான் தயார் செய்து கொண்டுபோகும் 'கருத்தரங்க அழைப்பிதழ்.பி.டி.எஃப்.' அந்த டிக்கைப் போட்டதும் 'கருத்தரங்க அழைப்பிதழ்.பி.டி.எஃப்.இ.எக்ஸ்.இ.' என்று மாறி நிற்கும். இ.எக்ஸ்.இ. என்று முடிந்தால் அது ஆவணமே இல்லை, ஓடக்கூடிய ஒரு புரோகிராம். அதுவரை பேசிக்கொண்டிருந்த கூடம் அந்த இடத்தில் அமைதியாகிவிடும்.

இன்னொன்று. பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலம், பெயர்ப் பட்டியல் உங்களிடம் இருந்தால், அதற்கென்று ஒரு பழைய லேப்டாப்பை ஒதுக்கி இணையத்தில் இணைக்காமலே வைத்திருங்கள். அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் உங்களை நம்பித்தான் பேசினார்கள்.

'வாட்ஸ்அப்பை நம்ப முடியாது, முக்கியமான விஷயம் என்றால் சாதாரண போன்காலில் பேசுங்கள்' என்று எங்கள் தலைவர் சொல்கிறார். நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். சரிதானே? – தூத்துக்குடி மாவட்டம்

தலைவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள் தம்பி: தலைகீழாகச் செய்கிறீர்கள். நான் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்த துறை இது, அதனால் உறுதியாகச் சொல்ல முடியும். சாதாரண போன்காலைத் தொலைபேசி நிறுவனத்தின் பக்கத்திலிருந்து ஒட்டுக்கேட்க முடியும், அரசு உத்தரவு இருந்தால் போதும். வாட்ஸ்அப், அதுபோலவே இருக்கும் சிக்னல் என்ற ஆப், இரண்டிலும் பேச்சு இரு முனைகளுக்கு நடுவே பூட்டப்பட்டே போகிறது. நடுவில் இருப்பவருக்கு இரைச்சல்தான் கிடைக்கும்.

பேச்சை விடுங்கள். கால் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது, சி.டி.ஆர். என்பார்கள். ஒரு வரியில் என்னென்ன இருக்கும் தெரியுமா? அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தேதி, தொடங்கிய நேரம், எத்தனை விநாடி, பேச ஆரம்பித்தபோது எந்த டவர், முடித்தபோது எந்த டவர், கடைசியில் ஐ.எம்.இ.ஐ., அதாவது அந்தக் கைபேசிக்கே உரிய அடையாள எண். இதைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் விதி வந்தது. கூட்டத்துக்கு முந்தின இரவு நீங்கள் யார் யாரைக் கூப்பிட்டீர்கள், யார் எந்த டவரின் கீழ் இருந்தார்கள் என்பதை ஒரு எக்செல் தாளில் வரிசைப்படுத்திப் பார்த்துவிடலாம். பேசியது என்ன என்று தெரியவே வேண்டாம். புது சிம் வாங்கிப் பழைய போனில் போடுவதாலும் பயனில்லை, ஐ.எம்.இ.ஐ. அதேதான்.

வாட்ஸ்அப்பில் பேச்சு மறைந்தாலும் யார் யாரோடு பேசினார் என்ற விவரம் அந்த நிறுவனத்துக்குத் தெரியும். சிக்னல் அதைக்கூட வைத்துக்கொள்வதில்லை. 2016-இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே அவர்களால் கொடுக்க முடிந்தது. 2024-இலிருந்து போன் நம்பரைக் காட்டாமல் ஒரு பயனர்பெயரை வைத்தே பேசவும் முடிகிறது. டெலிகிராம் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். அதில் குழு உரையாடல்கள் இரு முனைப் பூட்டு இல்லாதவை. சங்க வேலைக்கு வேண்டாம்.

நான் இளம் வக்கீல். கட்சிக்காரர்களின் ஆவணங்கள் எல்லாம் என் போனில்தான் இருக்கின்றன. ஸ்டேஷனில் போனைக் கொடு, பின் நம்பரைச் சொல் என்றால் என்ன செய்வது, அம்மா? – கன்னியாகுமரி மாவட்டம்

சட்டம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். களத்தில் பார்த்ததை வைத்து எதை விடக்கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

வாய்மொழியாகக் கேட்டால் எழுத்தில் கேளுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 94-ஆவது பிரிவின்படி கருவியை ஒப்படைக்கச் சொல்லும் ஸ்டேஷன் அதிகாரி எழுத்துப்பூர்வ உத்தரவு தர வேண்டும். சோதனையும் கைப்பற்றலும் நடந்தால் 105-ஆவது பிரிவு வீடியோ பதிவு செய்யச் சொல்கிறது. கைப்பற்றல் மகஜரில் மாடல், ஐ.எம்.இ.ஐ., போன் அணைந்திருந்ததா எரிந்திருந்ததா என்பதுவரை எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட, 'ஹேஷ் மதிப்பு' கேளுங்கள். ஒரு டிஸ்க்கில் உள்ள மொத்தத் தகவலையும் கணக்கிட்டு வரும் நீண்ட எண் அது. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். புதிய சாட்சிய சட்டம் 63-ஆவது பிரிவின் சான்றிதழ்ப் படிவத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. முதல் பதிலில் சொன்ன மாதிரியான சந்தேகம் நாளைக்கு எழுந்தால் உங்கள் கையில் இருக்கப்போவது அந்த எண்தான்.

வக்கீல்களுக்கு இன்னொரு பாதுகாப்பு உண்டு. 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், வக்கீலின் டிஜிட்டல் கருவியை ஒப்படைக்கச் சொன்னால் அது நீதிமன்றத்தின் முன்தான் ஒப்படைக்கப்பட வேண்டும், கட்சிக்காரரும் வக்கீலும் இருக்கும்போதுதான் திறக்கப்பட வேண்டும் என்று சொன்னது. அந்தத் தீர்ப்பின் நகலை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். போனிலேயே வைத்திருந்தால் அந்த நேரத்துக்கு உதவாது.

பின் நம்பர் விஷயத்தில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் ஒரு மாதிரி சொன்னது, டெல்லி சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் 2022-இல் குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. சீனியரைக் கலந்து உங்கள் நிலைப்பாட்டை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள், ஸ்டேஷனில் நின்று யோசிக்கிற விஷயம் அது இல்லை. ஆனால் கைரேகை வேறு. விரலைப் பிடித்து வைத்தால் திறந்துவிடும். கைரேகையையும் முகத்தையும் எடுத்துவிட்டு நீளமான பின் வையுங்கள். ஸ்டேஷன் படி ஏறுமுன் போனை முழுதாக அணைத்துவிடுங்கள். அணைத்து, மறுபடி பின் போடும்வரை உள்ளே இருக்கும் தகவல் கெட்டியாகப் பூட்டப்பட்டிருக்கும், உடைத்துத் திறக்கும் கருவிகளுக்கும் அந்த நிலை கடினம். நோட்டீஸ் வந்த பிறகு எதையும் அழிக்காதீர்கள், அது தனிக் குற்றம். தேவையில்லாததை அன்றன்றைக்கே நீக்கும் பழக்கம் இருந்தால் அந்த நாளில் அழிக்க எதுவும் இருக்காது.

திரும்பி வந்த போனை அப்படியே பயன்படுத்த வேண்டாம். செர்பியாவில் 2024 பிப்ரவரியில் ஸ்லாவிசா மிலானோவ் என்ற பத்திரிகையாளரை வாகனச் சோதனை என்று நிறுத்தி ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனார்கள். போனை அணைத்துத்தான் கொடுத்தார். திரும்பக் கிடைத்தபோது மொபைல் டேட்டாவும் வைஃபையும் அணைக்கப்பட்டிருந்ததைக் கவனித்து, சோதனைக்கு அனுப்பினார். செலிபிரைட் கருவியால் பூட்டைத் திறந்து நோவிஸ்பை என்ற உளவு மென்பொருளை ஏற்றியிருக்கிறார்கள் என்று மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி கண்டுபிடித்து அந்த டிசம்பரில் வெளியிட்டது. அந்த இரண்டு சின்ன செட்டிங் மாறியிருந்ததை அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் நமக்கு இது தெரிந்தே இருக்காது.

பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் என் போனில் இருக்கிறதா என்று பார்க்க ஆப் இருக்கிறதா? – கோவை மாவட்டம்

பிளே ஸ்டோரில் அப்படிச் சொல்லிக்கொண்டு வரும் எதையும் நம்பாதீர்கள். முறையான சோதனைக்கு அம்னெஸ்டி 2021-இல் வெளியிட்ட எம்.வி.டி. என்ற கருவி உண்டு, ஆனால் அதை ஓட்டத் தெரிந்தவர் வேண்டும். 'ஆக்சஸ் நவ்' அமைப்பின் டிஜிட்டல் பாதுகாப்பு உதவி மையம் மனித உரிமைப் பணியாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் 24 மணி நேரமும் இலவசமாக உதவுகிறது. இந்தியாவுக்குள் என்றால் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷனை அணுகலாம். சந்தேகம் வந்ததும் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடாதீர்கள், தடயமும் சேர்ந்து போய்விடும்.

சந்தேகப்பட்ட ஒருவர் சரியாக நடந்துகொண்டதால் உலகத்துக்கே நன்மை கிடைத்த கதை உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமைக் குரல் அகமது மன்சூர். 2016 ஆகஸ்ட்டில் அவருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது: சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிய புதிய ரகசியங்கள், இந்த லிங்க்கில். அவர் உயிரைக் கொடுத்துச் செய்த வேலையையே தூண்டிலாகப் போட்டார்கள். மன்சூர் லிங்க்கைத் தொடவில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபுக்கு அனுப்பினார். அதைப் பிடித்துத்தான் பெகாசஸ் ஐபோனுக்குள் நுழையும் வழி வெளியே வந்தது. ஆப்பிள் இரண்டு வாரத்துக்குள் அப்டேட் விட்டு அந்த வழியை அடைத்தது. நம் எல்லார் போனையும் காத்த அந்த மனிதர் 2017 மார்ச்சில் கைதானார், 10 ஆண்டு சிறை விதித்தார்கள், 2024-இல் இன்னொரு வழக்கில் மேலும் 15 ஆண்டு. அவரை விடுதலை செய்யச் சொல்லும் மனுக்கள் கண்ணில் பட்டால் கையெழுத்துப் போடுங்கள்.

பிறகு லிங்க்கைத் தொடாமலே நுழையும் வகையும் வந்துவிட்டது. 2019-இல் வாட்ஸ்அப் கால் மூலமாக உலகம் முழுக்கச் சுமார் 1,400 பேர் குறிவைக்கப்பட்டார்கள், நம் நாட்டு வக்கீல்களும் செயற்பாட்டாளர்களும் அதில் உண்டு. பெகாசஸ் புகாரை ஆராய 2021-இல் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைப் பார்த்தது. ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்றது.

நீங்கள் செய்யக்கூடியது: அப்டேட் வந்த அன்றே போடுங்கள். தினமும் ஒருமுறை போனை அணைத்துப் போடுங்கள், இவ்வகை மென்பொருள்களில் பல மறுதொடக்கத்தில் நிற்பதில்லை. ஐபோன் என்றால் 'லாக்டவுன் மோட்', ஆண்ட்ராய்டு 16 என்றால் 'அட்வான்ஸ்டு புரொடெக்‌ஷன்' இரண்டும் செட்டிங்ஸிலேயே இருக்கின்றன. ஆப்பிளிடமிருந்து எச்சரிக்கை மெயில் வந்தால், உங்கள் ஆப்பிள் கணக்கில் நீங்களாக உள்ளே போய்ப் பாருங்கள். உண்மையானது என்றால் மேலேயே அறிவிப்பு இருக்கும். உண்மையான எச்சரிக்கை எந்த லிங்க்கையும் அழுத்தச் சொல்லாது.

தூய்மைப் பணியாளர் சங்கம் நாங்கள். வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறோம். ராத்திரி பேசுவது காலையில் கான்ட்ராக்டருக்குத் தெரிந்துவிடுகிறது. ஹேக் செய்கிறார்களா அக்கா? – மதுரை மாவட்டம்

இருநூறு பேர் இருக்கும் இடத்தில் ஹேக் செய்ய யாரும் மெனக்கெட மாட்டார்கள் தங்கச்சி. ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும். அவரைத் தேடிப் பிடித்து அவமானப்படுத்தப் போகாதீர்கள், சங்கம்தான் உடையும். பெரிய குழுவை அறிவிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்: கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு, அவ்வளவுதான். முடிவெடுக்கும் பேச்சு நேரில் நடக்கட்டும், அல்லது ஐந்தாறு பேர் இருக்கும் சின்னக் குழுவில், செய்தி தானாக மறையும்படி வைத்து.

உங்கள் போன் வழியாகவே போகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் மேலே மூன்று புள்ளி, 'இணைக்கப்பட்ட சாதனங்கள்'. ஒரு பயிற்சியில் ஒரு பெண் அதைத் திறந்ததும் 'கூகுள் குரோம், விண்டோஸ்' என்று ஒரு வரி இருந்தது. அவரிடம் கம்ப்யூட்டரே கிடையாது. பேசிப் பார்த்தபோது, ரேஷன் கார்டு விண்ணப்பம் பிரின்ட் எடுக்க ஒரு நெட் சென்டரில் கியூ.ஆர். கோடு ஸ்கேன் செய்தது நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து அவர் பேசியதெல்லாம் அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் திறந்தபடி கிடந்திருக்கிறது. அந்த வரியைத் தொட்டு 'வெளியேறு' கொடுத்தால் முடிந்தது. கையோடு 'இரு-படி சரிபார்ப்பு' பின்னையும் போட்டுவிடுங்கள். சங்கத்தில் எழுதப் படிக்கச் சிரமப்படும் அக்காமார்களுக்கு நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுங்கள். அவர்கள் போன் பத்திரமாக இல்லாமல் உங்கள் போன் மட்டும் பத்திரமாக இருந்து பயனில்லை.

நாங்கள் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளோடு வேலை செய்யிறம். போராட்டப் படங்களை முகநூலில போட்டால் புலனாய்வுக்காரர் அம்மாமாரின்ர வீட்டுக்கு வந்து விசாரிக்கினம். போடாமல் விட்டால் எங்கட பிள்ளையளின்ர கதை ஒருத்தருக்கும் தெரியாமல் போயிடும். என்ன செய்யலாம் அக்கா? – கிளிநொச்சி

2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அந்தத் தாய்மார் தெருவில் உட்கார்ந்த நாளிலிருந்து அவர்களைக் கவனித்து வருகிறேன். படம் போடுவதா வேண்டாமா என்பதை அந்தந்தத் தாய் தீர்மானிக்க வேண்டும், நீங்களோ நானோ இல்லை. பிள்ளையின் படத்தை ஏந்தித் தன் முகம் தெரிய வேண்டும் என்று விரும்பும் அம்மா இருப்பார். அவர் முகத்தை மறைக்க நமக்கு உரிமை கிடையாது. வீட்டில் இன்னொரு மகன் இருக்கிறான், வேண்டாம் என்று சொல்லும் அம்மாவும் இருப்பார். படம் எடுக்குமுன் கேளுங்கள், போடுமுன் மறுபடி கேளுங்கள். மறைக்க வேண்டிய முகத்தை சிக்னலிலேயே மங்கலாக்கலாம். போராட்டம் நடக்கும்போதே போடாமல், எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்த பிறகு போடுங்கள். பின்னணியில் வீட்டுப் படலை, பிள்ளையின் பாடசாலைச் சீருடை, மோட்டார் சைக்கிள் இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள்.

இது வெளியே போடும் படத்துக்கு. சாட்சியமாக எடுக்கும் படத்துக்கு நேர் எதிர்: தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும், வெட்டாமல் மூலப் படமாக இருக்க வேண்டும். ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானத்தின்படி 2021-இலிருந்து இலங்கை தொடர்பான சான்றுகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள். ஒரு நாள் அங்கே தேவைப்படலாம். இதற்கென்றே 'டெல்லா' என்ற இலவச ஆப் இருக்கிறது. அதற்குள் எடுக்கும் படம் கேலரியில் தெரியாது, பூட்டியே சேமிக்கும். ஆண்ட்ராய்டில் அந்த ஆப்பையே கால்குலேட்டர் போலத் தோன்றும்படி வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரங்கள் உதிர்ந்துவிடும், 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். எதற்கு எது என்று இளம்பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள். ஒரு பிரதி நாட்டுக்கு வெளியே நம்பிக்கையான கையில் இருக்கட்டும்.

2024-இல் உங்கள் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் மனதில் வையுங்கள். பொய்யான கூற்று என்று சொல்லி நடவடிக்கை எடுக்க அது இடம் தருகிறது. பதிவில் நடந்ததை, பார்த்ததை, திகதியோடு எழுதுங்கள். எழுதியதற்கு ஆதாரம் கையில் இருக்கட்டும்.

நான் பெரிய செயற்பாட்டாளர் எல்லாம் இல்லை. கல்குவாரி பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு போடுகிறவன். எனக்கும் இதெல்லாம் தேவையா? – புதுக்கோட்டை மாவட்டம்

உங்களுக்குத்தான் ஐயா முதலில் தேவை. 1998 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய பிரகடனத்தின்படி, உரிமைக்காக அமைதியான வழியில் பாடுபடும் எவரும் மனித உரிமைக் காப்பாளர்தான். அதற்குப் பதவியோ அமைப்போ வேண்டியதில்லை. உங்கள் மாவட்டத்திலேயே, திருமயம் பக்கம், சட்டவிரோதக் குவாரிகள் பற்றித் தொடர்ந்து புகார் கொடுத்த ஜகபர் அலி 2025 ஜனவரி 17 அன்று லாரி ஏற்றிக் கொல்லப்பட்டதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஆர்.டி.ஐ. சட்டம் 6(2) பிரிவின்படி, தொடர்பு கொள்ளத் தேவையானதைத் தவிர உங்கள் சொந்த விவரம் எதையும் கேட்கக் கூடாது. வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் கொடுக்கலாம் என்று 2013-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது, மத்திய அரசும் 2014 ஜனவரியில் அதைத் துறைகளுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பியது. தலைமை அஞ்சலகத்தில் தபால் பெட்டி பற்றிக் கேளுங்கள். மனுவுக்கென்று தனி மெயில், முடிந்தால் தனி எண். மனு எண், பதில், புகார் நகல் எல்லாம் உங்களிடம் மட்டும் இல்லாமல் இன்னும் இரண்டு பேரிடம் இருக்கட்டும். அதை எதிராளிகளுக்குத் தெரியும்படியும் செய்யுங்கள். உங்களை நிறுத்தினாலும் மனு நிற்காது என்று தெரிவது ஒரு பாதுகாப்பு. தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போவதை மாற்றிக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது வீட்டில் ஒருவருக்கு லைவ் லொகேஷன் அனுப்பி, திரும்பியதும் நிறுத்திவிடுங்கள்.

என் மகள் சாதி வன்முறை வழக்குகளில் உண்மை அறியும் குழுவோடு போகிறாள். அவள் முகத்தை ஒட்டி ஆபாசப் படம் செய்து பரப்புகிறார்கள். அவள் அம்மா போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். வேலையை விடச் சொல்லட்டுமா சகோதரி? – விழுப்புரம் மாவட்டம்

முதலில் போனை அவளிடம் திருப்பிக் கொடுங்கள், அண்ணா. ஆதாரம் அதில்தான் இருக்கிறது, அவளுக்குத் துணையாக நிற்கும் நண்பர்களும் அதில்தான் இருக்கிறார்கள். போனைப் பிடுங்கினால், தப்பு செய்தவள் தான்தான் என்று அவளுக்குத் தோன்றும். அதைத்தான் அந்தப் படத்தைச் செய்தவன் எதிர்பார்க்கிறான். 2021-இலும் 2022 புத்தாண்டு அன்றும் பத்திரிகையாளர்கள் உட்பட முஸ்லிம் பெண்களின் படங்களைப் போட்டு ஏலம் விடுவதுபோல் இரண்டு ஆப்களை இணையத்தில் வைத்தார்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் வெளியே வந்து புகார் கொடுத்ததால்தான் கைதுகள் நடந்தன.

அழிக்குமுன் பதிவு செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் படம் மட்டும் இருந்தால் போதாது. போட்ட கணக்கின் பெயர், முழு இணைய முகவரி, தேதி, நேரம் தெரிய வேண்டும். இந்த வேலையை அவளைச் செய்ய விடாதீர்கள், நம்பிக்கையான ஒரு தோழி அவளுடைய கணக்கைப் பார்த்துச் செய்யட்டும். அந்த அசிங்கத்தை அவள் ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் சைபர் குற்றத் தளத்தில் புகார் பதியலாம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். போலிப் படமாக இருந்தாலும் நீக்கியாக வேண்டும் என்பது தளங்களுக்கு விதி. புகார் எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள்.

'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்ற தளத்தையும் பயன்படுத்துங்கள். 18 வயது நிரம்பியவர்களுக்கானது. படத்தை அங்கே ஏற்றத் தேவையில்லை, படம் உங்கள் கருவியை விட்டுப் போகாது. வக்கீல் தம்பிக்குச் சொன்னேனே, ஹேஷ், அதுபோன்ற ஓர் எண் மட்டும் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்த எண்ணை வைத்து அதே படம் மறுபடி ஏறாமல் தடுக்கப் பார்க்கும்.

வேலையை விடச் சொல்ல வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் முடிவு அவளுடையது, கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்க விரும்பினால் அதையும் மதியுங்கள். அவள் போகும் குழுவிடம் நீங்கள் போய்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இப்படி நடந்தால் யார் புகார் எழுதுவது, எந்த வக்கீல் வருவார், அறிக்கையில் அவள் பெயர் மட்டும் முன்னால் நிற்காமல் குழுவின் பெயரில் வர ஏற்பாடு உண்டா? அவர்களிடம் பதில் இல்லையென்றால் அடுத்த கள ஆய்வுக்கு முன் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். புகார் மனுவை எழுத உதவி தேவைப்பட்டால் இதழ் முகவரிக்குக் கடிதம் போடுங்கள், நானே எழுதித் தருகிறேன்.